வேடமும் உடுப்பும்

இலங்கையில் ஒக்டோபர் முதலாந் திகதி சிறுவர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. நகரத்துப் பாடசாலைகளைப் போலவே தேயிலைத் தோட்டங்களின் முன்பள்ளிகளிலும் அன்று பலூன் கட்டுவார்கள், இனிப்பு வழங்குவார்கள், பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாட வைப்பார்கள். பல இடங்களில் இவற்றுக்கெல்லாம் சிகரமாக விநோத உடைப் போட்டி ஒன்றும் நடைபெறும். மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட ஒரு பிள்ளை எந்த வேடத்தை ஏற்பது என்பது வெளியிலிருந்து நோக்குவோருக்குச் சிறு விடயமாகவே தோன்றும். அப்பிள்ளையின் வீட்டிலோ அது இரண்டு வாரத்து வழக்கு. வாதி, பிரதிவாதி, சாட்சி யாவரும் ஒரே காம்பராவுக்குள் இருப்பார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் மட்டும் நான்கு வயதுப் பிள்ளை.

வலப்பனைப் பகுதியில் இவ்வழக்குப் பிற இடங்களைவிடச் சற்றுச் சிக்கலானது. முதற் காரணம் வானம். இராகலை, ஹைபொரஸ்ட் முதலிய உயர்ந்த மலைகளிலிருந்து வலப்பனைக் கடைத்தெருவை நோக்கி இறங்கும் பாதையிற் குளிர் படிப்படியாகக் குறையும். தேயிலை குறைந்து வயல்கள் தலைகாட்டும். ஒக்டோபர் மாதமோ இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வெயில் எறிக்கும். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். ஆகவே காலை எட்டு மணிக்கு மயிலாகப் புறப்பட்ட பிள்ளை பிற்பகல் இரண்டு மணிக்கும் மயிலாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கிறேப் கடதாசியாற் செய்த தோகை ஒரு தூறலிலேயே சாயம் விட்டுவிடும். தோகை போனபின்னும் சாயம் இரண்டு நாளைக்குப் பிள்ளையின் காலில் நிற்கும்.

இரண்டாவது காரணம் பாதை. லயத்திலிருந்து முன்பள்ளிக்குப் போகும் வழி பெரும்பாலும் கருங்கற் படிகளும் தேயிலைக்கு ஊடான ஒற்றையடித் தடமுமாகவே இருக்கும். நிலத்திற் புரளும் பாவாடையோடு நான்கு வயதுப் பிள்ளை அதில் இறங்குவது ஆபத்தானது. தூக்கிச் செல்வதென்றால் இறக்கையும் வாலும் தூக்குபவரின் கண்ணிற் குத்தும். லயத்து அறையில் விறகடுப்பு எரிந்து கொண்டிருக்கும் என்பதையும் மறப்பதற்கில்லை. நைலோன் வலைத்துணியால் தைத்த இளவரசி உடை அவ்வடுப்பருகே நிற்கத் தகுந்ததன்று. கடைசியாக ஒன்று, சொல்லக் கூச்சமானாலும் எல்லாவற்றிலும் முக்கியமானது. பிள்ளைக்கு அவசரம் வரும்பொழுது வேடத்தைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்? முன்பள்ளி ஆசிரியைமார் வேடத்தைப் பார்த்தவுடன் மனத்துள் முதலிற் கேட்டுக்கொள்வது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வானத்தையும் பாதையையும் சமாளித்துவிடலாம். மூன்றாவது தடை பிள்ளையே. எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்னும் பிள்ளையை ‘அடம் பிடிக்கிறது’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது பெரியோர் வழக்கம். அடத்திலும் வகையுண்டு. சரிகை கழுத்தில் உராய்கிறது என்று அழுவது ஒரு வகை. கிரீடம் காதை அழுத்துகிறது என்று பிடுங்கி எறிவதும் அவ்வகையே. கிரீடத்தைச் செய்தவர் அதனை அணிந்து பார்த்ததில்லை, அணிந்த பிள்ளைக்குத்தான் அது எங்கே அழுத்துகிறது என்பது தெரியும். வேறொரு வகை அச்சத்தின்பாற் பட்டது. முகத்தை மூடினால், மீசை வரைந்தால், தான் தானாக இருக்க மாட்டோமோ என்ற ஐயம் அப்பருவத்திற் பொய்யான ஐயமன்று. 1969ஆம் ஆண்டில் ரேட்டா டெவ்ரீஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட ஆய்வொன்று இத்தொடர்பில் நினைவுகூரத் தக்கது. அவர் மேனார்ட் என்னும் சாதுவான பூனையொன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பின்னர் அதன் முகத்துக்கு நாயின் முகமூடியை அணிவித்து, இப்பொழுது இது என்ன விலங்கு என்று வினவினார். மூன்று வயதுப் பிள்ளைகளிற் பலருக்கு அது நாயாகவே மாறிவிட்டது. ஆறு வயதினர் பூனை பூனைதான் என்று கண்டுகொண்டனர். நான்கு வயது இவற்றுக்கு நடுவிலே கிடக்கிறது. அந்த வயதிற் பிள்ளையைப் பொலிஸ்காரனாக்குவது பெரியோருக்கு விளையாட்டு. பிள்ளைக்கு அது முற்றிலும் விளையாட்டென்று சொல்ல முடியாது.

மலையகத் தோட்டங்களுக்கு வேடம் புதியதன்று. மாசி மாதத்து அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையிற் காமன் ஊன்றப்பட்டால், பௌர்ணமியை ஒட்டி மன்மதன் எரிந்து மீளும்வரை லயத்துக்கும் கோயிலுக்கும் இடையே வேடங்கள் நடமாடும். ரதியாக வருபவரும் ஆடவரே. அரிதாரமும் மரத்தாற் செய்த புசகீர்த்தியும் அணிந்து, விரதமிருந்து, தப்பு முழங்க அவர்கள் ஆடுவார்கள். அங்கே ‘எனக்கு இந்த வேடம் பிடிக்கவில்லை’ என்ற பேச்சுக்கே இடமில்லை. சில தோட்டங்களில் இன்ன வேடம் இன்ன குடும்பத்துக்கு என்ற உரிமைகூட உண்டு. தந்தை ஏற்ற வேடத்தை மகன் ஏற்பான். வீரபத்திரரும் எமனும் வரும்பொழுது தாயின் சேலைக்குள் முகம் புதைக்காத பிள்ளை அரிது. வந்திருப்பவர் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்தாம் என்று எத்துணை முறை சொன்னாலும் அவ்விரவில் அது செல்லாது. மேனார்ட் என்னும் பூனைக்கு அமெரிக்காவில் நேர்ந்தது இங்கே ஆண்டுதோறும் நேர்கின்றது.

மேனாட்டிலும் ஒக்டோபர் மாதத்துக்கே ஒரு வேடநாள் உண்டு. முப்பத்தோராந் திகதி இரவில் வரும் ஹலோவீன் அது. ஸ்கொத்லாந்திலே பிள்ளைகள் பெரியோரின் பழைய உடுப்புகளை மாட்டி, முகத்திற் கரி பூசி, கிழங்கைக் குடைந்து செய்த விளக்கை ஏந்தி வீடு வீடாகச் சென்று, ஒரு பாட்டையோ கதையையோ சொல்லிப் பழமும் கொட்டைகளும் பெற்று வருவது நெடுங்கால வழக்கம். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொத்லாந்துக்காரர். அவருக்கு முன்னும் பின்னும் வந்த துரைமாரிற் பலரும் அந்நாட்டவரே. வலப்பனைப் பிரதேசத்து லிடஸ்டேல் தோட்டம் தாங்கி நிற்பது ஸ்கொத்லாந்தின் எல்லைப்புறத்துப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயரை. பெயரைக் கொண்டு வந்து மலைகளுக்குச் சூட்டியவர்களின் அந்தப் பிள்ளை விளையாட்டுக்கு லயங்களிற் சுவடேதும் இல்லை. பெரிய இழப்பு என்று சொல்வதற்கில்லை; ஆயினும் அவ்வழக்கில் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. கடைகளில் விற்கும் ஆயத்த வேடங்கள் இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிற் பெருகியவை. அதற்கு முன் பிள்ளையின் வேடம் என்றால் அது வீட்டிலிருந்த பெரியவரின் பழைய உடுப்பே.

வலப்பனைக்கு மேலே தோட்டமொன்றின் லயத்தில், அண்மைய ஆண்டொன்றின் செப்டெம்பர் மாதக் கடைசியில் இவ்வழக்கு நடைபெற்றது. அங்கே ஒரு சிறுமி. அவளுக்கு நான்கரை வயது. தாய் கொழுந்து பறிப்பவள். தந்தை கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்தார். தோட்டத்து ஆண்கள் பலரின் நிலை இன்று அதுவே. தாயின் தாய், சிறுமிக்கு அம்மாயி, நாற்பது ஆண்டு மலைக்குப் போய் ஓய்வு பெற்றவர்.

தந்தை தொலைபேசியில் இளவரசி என்றார். இராகலையில் வாடகைக்கு எடுக்கலாம் என்று விசாரித்தபொழுது, கேட்ட வாடகை தாயின் இரண்டு நாட் சம்பளத்தை விழுங்குவதாயிருந்தது. அதுவும் போகட்டும் என்று எண்ணியிருப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வலைத்துணிச் சட்டையை அளவுக்குப் போட்டுப் பார்த்ததும் சிறுமி அக்குளைச் சொறிந்து அழத் தொடங்கினாள். இளவரசி அவ்வளவோடு முடிந்தாள். அடுத்து வந்தவர் பாரதியார். தமிழ்ப் பிள்ளைகள் கூடும் எந்தப் போட்டியிலும் இரண்டு மூன்று பாரதிகளாவது நிற்பார்கள். செலவு ஒரு முழத் தலைப்பாகையும் கொஞ்சம் மையுந்தான். தலைப்பாகையைச் சிறுமி விரும்பினாள். மீசை வரைந்து கண்ணாடியைக் காட்டியபொழுது சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது யாரு?” என்று தாயைக் கேட்டாள். பிறகு தானே பீலிக்குப் போய் முகத்தைக் கழுவிக் கொண்டாள்.

தாயின் உள்ளத்தில் இருந்தது டாக்டர். வெள்ளைத் துணி இருந்தது. குழலும் பழைய இயர்போனும் கொண்டு நாடிக்கருவி ஒன்று ஆயத்தமாயிற்று. நடைமுறைக்கு மிகப் பொருத்தமான வேடமும் அதுவே: பருத்தி, முன்புறப் பொத்தான், உள்ளே கம்பளிச் சட்டை போட இடம். ஆனால் சிறுமி அறிந்த டாக்டர் ஊசி போடுகிறவர். தான் ஊசி போடுகிறவளாக மாறுவதற்கு அவள் எள்ளளவும் இணங்கவில்லை.

இந்நிலையிலே முன்பள்ளி ஆசிரியை, நல்லெண்ணத்தோடுதான், ஓர் ஆலோசனை சொன்னார். பிள்ளையைக் கொழுந்து பறிக்கும் பெண்ணாக அனுப்பலாமே. கூடை, படங்கு, தலைத்துணி எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. ஒரு சதமும் செலவில்லை. ஆலோசனையிற் பிழை காண முடியாது. கொழும்புப் பாடசாலைகளின் விநோத உடைப் போட்டிகளில் அடிக்கடி மேடையேறும் வேடம் அது. தேயிலைப் பைக்கற்றுகளிற் சிரித்துக் கொண்டு நிற்கும் உருவமும் அதுவே. அப்படத்துப் பெண் சிவப்புச் சேலை உடுத்தியிருப்பாள், நெற்றியிற் பொட்டிருக்கும், கூடையில் மூன்று இலைகள் மேலே தெரியும். மலையில் நிற்கும் பெண் பழைய சேலைக்கு மேல் ஆணின் சட்டையொன்றைப் போட்டு, ஈரமும் அட்டையும் தீண்டாதபடி இடுப்பிற் படங்கைச் சுற்றிக் கட்டியிருப்பாள். மழை நாளில் தலைக்கு மேல் பொலித்தீன் போர்த்தியிருப்பாள். பல தோட்டங்களிற் பிரம்புக் கூடையின் இடத்தை நைலோன் பை பிடித்துக் கொண்டது. ஆகவே பைக்கற்றுப் படத்தைப் பார்த்துச் செய்யும் வேடம் லயத்துப் பிள்ளைக்கும் ஒரு வேடந்தான் என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதம் தாயிடம் எடுபடவில்லை.

“எம் புள்ள வேசத்துக்குக்கூட கூட தூக்க வேணாம் டீச்சர்” என்றாள்.

அன்றாடக் கூலி ஆயிரம் ரூபாவாவதற்கு 2021ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. இடையில் அரிசியும் மாவும் ஏறிய ஏற்றத்தை அந்தத் தாய்க்கு எவரும் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. தன் மகள் மலைக்குப் போகக் கூடாது என்பது அவள் செய்து கொண்ட நேர்த்திக்கடன் போன்றது. சோதிடமும் சகுனமும் பார்க்கும் வீட்டில், முதன்முதல் மேடையேறும் பிள்ளையின் தலையிற் கொழுந்துக் கூடையின் கயிறு விழுவது அவளுக்கு வேறெப்படித் தோன்றும்? காமன் கூத்தில் தந்தையின் வேடம் மகனுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

ஆசிரியை போன பின் அம்மாயி வெகுநேரம் பேசவில்லை. வெற்றிலையை மென்று முடித்துத் துப்பிவிட்டு வந்து, “அப்ப நா நாப்பது வருசம் தூக்குனது என்னா, வேசமா?” என்று கேட்டார்.

மகள் விடை சொல்லவில்லை. விடை சொல்லக் கூடிய கேள்வியன்று அது. அம்மாயி பிறந்தபொழுது அவர் எந்த நாட்டினதும் பிரசையல்லர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவரைப் போன்றோரின் பெற்றோரை அந்நிலையில் விட்டிருந்தது. இந்திய வம்சாவளியினரில் எஞ்சியோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறும்வரை பலர் அவ்வாறே இருந்தனர். அடையாள அட்டை வருமுன்னரே அவரிடமிருந்த அடையாளம் கூடை. செக்ரோலிற் பெயர் விழுந்ததும் அதனால். மகளைச் சாதாரண தரம் வரை படிப்பித்ததும் அதனால். அந்தக் கூடை பேத்தியின் தலையில் ஒரு மணி நேரம் இருக்கலாகாது என்று கேட்பது அவருக்கு வலித்தது. மகள் தாயின் உழைப்பை இழித்துச் சொல்லவில்லை. ஆனாலும் தாய்க்கு அது அப்படியே கேட்டது. இரண்டில் எது சரி என்று கேட்டாற் சொல்வது அரிது. இருவரும் அன்று இரவு தனித்தனியே சாப்பிட்டார்கள் என்பது மட்டும் உண்மை.

வழக்குத் தீர்ந்த விதம் எவரும் எதிர்பாராதது. வலப்பனை ஆஸ்பத்திரியில் மருந்து எடுப்பதற்காக அம்மாயி மாதம் ஒருமுறை கீழே இறங்குவார். அதற்கென்று ஒரு கோலம் உண்டு: வெளுத்த வாயில் சேலை, அதன்மேல் முன்புறம் பொத்தான் வைத்த தவிட்டு நிறக் கம்பளிச் சட்டை, இடுப்பிற் சுருக்குப்பை, கையிற் குடை. மருந்தோடு திரும்பி வந்து அவர் கழற்றிப் போட்ட சட்டையைச் சிறுமி எடுத்து மாட்டிக் கொண்டாள். அது அவளுடைய கணுக்கால்வரை தொங்கியது. சுருக்குப்பையைத் தோளிற் போட்டுக் கொண்டு, திண்ணையில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, இல்லாத வெற்றிலையை மென்றாள். சரிகை உராய்கிறது, கழுத்து இறுக்குகிறது என்ற முறைப்பாடு எதுவும் எழவில்லை. இருபது ஆண்டு துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட கம்பளி உராய்வதற்கு என்ன இருக்கிறது? கண்ணாடியைக் காட்டியபொழுது “இது யாரு?” என்று அவள் கேட்கவுமில்லை. “நாந்தான் அம்மாயி” என்றாள்.

அம்மாயி இதனை அன்றே கவனித்துவிட்டார். ஆனால் வாய் திறக்கவில்லை. முன்னைய பேச்சின் காயம் ஆறியிருக்கவில்லை. மூன்றாம் நாள் மாலையிலும் சட்டை பிள்ளையின் மேலேயே இருந்ததைக் கண்ட பிறகுதான் தாய்க்குப் பொறி தட்டியது. அவள் தாயிடம் போய், “அம்மா, ஒன்னோட பழைய சீலை ஒண்ணு குடு” என்றாள். அவ்வளவுதான் சமாதானப் பேச்சு.

பிறகு நடந்தது தையல் வேலை. சேலையின் பாதியை மடித்து, மேலே இலாஸ்டிக் கோத்துப் பாவாடை போல் ஆக்கினார்கள். கொசுவமும் முந்தானையும் தைத்தே வைக்கப்பட்டன. இழுத்தால் இறங்கும், விட்டால் ஏறும். அவசரத்துக்கு ஐந்து வினாடி போதும். கரை கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நின்றது. கம்பளிச் சட்டையின் கையை மடித்து ஊசி குத்தினார்கள். வெயில் எறித்தாற் பொத்தானைத் திறக்கலாம், குளிர்ந்தாற் பூட்டலாம். மழைக்குக் குடை வேடத்திலேயே இருந்தது. தலைக்கு மாவு பூசி நரையாக்கும் யோசனையைச் சிறுமி மறுத்தாள். சின்னக் கொண்டைக்கு இணங்கினாள். காலுக்கு அவளுடைய சொந்தச் செருப்பு. செலவு, இலாஸ்டிக் ஒரு முழம்.

சிறுவர் தினத்தன்று இரண்டு பாரதியார், ஒரு மயில், ஒரு பொலிஸ்காரர், ஒரு டாக்டர், ஒரு விவேகானந்தர் நின்றார்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணும் இல்லாமற் போகவில்லை. தோட்டத்து உத்தியோகத்தர் குடியிருப்பிலிருந்து வந்த சிறுமி ஒருத்தி சிவப்புப் பட்டுப் பாவாடையும் புதிய சிறு கூடையுமாக, பைக்கற்றுப் படத்திலிருந்து இறங்கி வந்தவள் போலவே நின்றாள். கூடையின் கயிறு அவளுடைய நெற்றியிற் கிடந்து வழுக்கி வழுக்கிக் கண்ணில் விழுந்து கொண்டிருந்தது. அவள் அழுவதற்கு ஆயத்தமானாள். தாய்மார் வரிசையிலிருந்து அம்மாயி எழுந்து போனார். தலைத்துணியை மடித்து உச்சியில் வைத்து, கயிற்றை அதன்மேல் ஏற்றி, முடிச்சை இரண்டு விரல் குறைத்துப் போட்டு, கூடையை முதுகில் ஒருமுறை குலுக்கி நிறுத்தினார். “நெத்தியில இல்லம்மா, உச்சியில. அப்பத்தான் கழுத்து நோவாது” என்றார். அதன் பிறகு கயிறு இறங்கவில்லை. மகள் இதனைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

பரிசு மயிலுக்குப் போயிற்று. மழை அப்பொழுது இன்னும் வந்திருக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் ஒவ்வொரு வேடத்திடமும் பெயரும் தொழிலும் கேட்டுக்கொண்டு வந்தார். பாரதியார் தான் கவிஞர் என்றார். டாக்டர் தன் பெயரை மறந்து நின்றார். குடையை ஊன்றி நின்ற சிறுமியிடம், “நீங்க யாரு?” என்றதற்கு “அம்மாயி” என்ற விடை வந்தது. என்ன வேலை செய்கிறீர்கள் என்றதற்கு அவள் சிறிது யோசித்தாள்.

“வேல எல்லாம் முடிஞ்சிருச்சு. வலப்பனைக்குப் போறேன், மருந்தெடுக்க.”

இரண்டு மணிக்கு வழக்கம்போல மழை இறங்கியது. மயிலை அதன் தந்தை தோகையோடு தூக்கிக் கொண்டு ஓடினார். சிறுமி சட்டைப் பொத்தான்களைப் பூட்டி, குடையை விரித்து, அம்மாயியின் விரலைப் பிடித்தபடி படியேறினாள். வீட்டுக்கு வந்த பின்னும் வேடத்தைக் கழற்ற மறுத்துவிட்டாள். சட்டை போகட்டும், சுருக்குப்பையையாவது கொடு, வெற்றிலை அதற்குள்தான் இருக்கிறது என்று அம்மாயி கேட்டார். வெற்றிலையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, முன்பள்ளியிற் கிடைத்த இரண்டு டொபிகளைப் பைக்குள் போட்டு வாயைச் சுருக்கி, நாளைக்குத் தருவதாகச் சொன்னாள்.